சுருட்டு என்ற பேரைக் கொடுத்தீர்களா, மச்சான்?

அன்பு மச்சானுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. கொல்லங்கோட்டுக் கடை நடக்கிறது, அக்கா நன்றாக இருக்கிறாள். ஆனால் நலம் சொல்ல எழுதவில்லை. ஒன்று கேட்க வேண்டும்.

மூணாறில் சுற்றுலாக்காரர்களுக்குக் கடை வைத்திருக்கும் ஜோஜி என்பவர் வந்தார். மறையூருக்கு நீங்கள் சரக்குக் கொண்டுபோன நாளில் பழக்கமாம். மேசைமேல் ஒரு பளபளப்பான பெட்டியை வைத்தார். உள்ளே நம் சின்னச் சுருட்டு. வெளியே ஆங்கிலத்தில் 'செரூட்'.

"இது பிரெஞ்சு வாக்காணு சேட்டா, பிரெஞ்சுச் சொல்லு. நீங்க சரக்கு மட்டும் தந்தா போதும்."

இலையைச் சுருட்டினால் சுருட்டு. நம் பக்கம் வந்த வெள்ளைக்காரனுக்கு நாக்குப் புரளாமல் செரூட் ஆனது. அதுவே கோட்டுப் போட்டுத் திரும்பி வந்தால் நமக்கு அடையாளம் தெரியாதா? சொன்னேன். சிரித்துவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். இனி நம் கட்டுகளில் சுருட்டு என்றோ செரூட் என்றோ போடக் கூடாதாம். கடை உங்கள் பெயரில் இருந்ததால் அக்கா கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"உங்க மச்சான் வாக்கு தந்ததாணு. 'சுருட்டுங்கற பேரை நீயே வச்சுக்க'ன்னு சொன்னாரு. இந்தக் காதால கேட்டேன்."

பொய் அங்கேயே பிடிபட்டது என்று நினைத்தேன். நான் ஆசையாக எழுதி மாட்டிய 'கந்தசாமி சுருட்டு' பலகையை மறந்திருக்க மாட்டீர்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் அதைக் கட்டளையாகப் படித்தார்கள்.

"கந்தசாமி, சுருட்டு! உடாதே, ஊரையே சுருட்டு!"

"ஏனுங்க, எங்க ஊட்டுப் பக்கம் எப்பங்க வருவீங்க?"

மத்தியானத்துக்குள் பலகையை நீங்களே கழற்றினீர்கள். அதன்பிறகு அந்தச் சொல்லை நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. யார் சுருட்டுக் கேட்டு வந்தாலும் அதன் அளவை வைத்து, "குட்டைங்களா? எத்தனை கட்டுங்க?" என்பீர்கள். அப்படிப்பட்ட நீங்கள் ஜோஜியிடம் மட்டும் வாய்விட்டுச் சொன்னீர்களாமா?

அவர் போனதும் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"போடா. ஊட்டுல தெனமும் 'சாந்தா, என்ற சுருட்டு எங்கே'ன்னுதான் கேப்பாரு. உன்ற முன்னால மட்டும் சொல்ல மாட்டாரு. பலகை எழுதுனது நீ, உனக்குச் சங்கடமா இருக்கும்னு."

இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது, மச்சான். நெஞ்சு நனைந்தது. என் சாட்சியும் அங்கேயே செத்தது.

அந்த ஆள் நீங்கள் சர்க்கரை இல்லாமல் டீ குடிப்பீர்கள் என்றுகூடச் சொன்னார். எத்தனை டீ குடித்தீர்கள் அவரோடு? என்னிடம் ஏன் சொல்லவில்லை? அக்கா வேறு தூங்காமல் கேட்கிறாள்: "அவரு வாக்குக் குடுத்திருந்தா நாம மாத்தலாமாடா?"

கொடுத்திருப்பீர்கள் என்றே எனக்குச் சந்தேகம். குளிரில், நல்ல மனசோடு, கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாமல். ஆனால் சரக்குத்தான் நம்முடையது. அந்தச் சொல் நம் கடைக்கு முன்னாலேயே ஊர் வாயில் இருந்தது. அதைக் கொடுக்க உங்களால் ஆகாது, என்னாலும் ஆகாது.

காகிதத்தைக் கையெழுத்தில்லாமலே திருப்பி அனுப்பிவிட்டேன். கந்தசாமி வாக்குத் தவறியவர் என்று அவர் மலை முழுக்கச் சொல்லலாம். சொன்னால், தவறியது நான்தான் என்று மூணாறுக்கே போய் நின்று சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களை இன்னும் முழுசாக நம்பாத மச்சினன்,
சுப்பிரமணி