சந்துக்குள் வராத ராஜா

நவம்பர் 23, ஞாயிறு. கிறிஸ்து அரசர் திருநாள்.

கழுதை மேல் வந்த ராஜா, முள்முடி சூடிய ராஜா, கடைசி நாளில் வெள்ளைக் குதிரையில் வரப்போகும் ராஜாதி ராஜா என்று காலைப் பூசையில் சாமியார் சொல்லிக்கொண்டே போனார். என் நினைப்பெல்லாம், நற்கருணை அப்பத்தில் அந்த ராஜாவையே தெருவழியே கொண்டுபோகும் மாலைப் பவனி மேலேயே இருந்தது. வாதம் வந்து படுத்திருக்கும் என் வீட்டுக்காரர், நற்கருணை நாதரை ஒருமுறை நம் வாசலில் பார்க்க வேண்டும் என்கிறார். நடமாடிய காலத்தில் நற்கருணைக்கு மேல் நாலு பேர் பிடிக்கும் நாலு கம்புக் குடையில் ஒரு கம்பு இவர் கையில்தான் இருக்கும்.

பூசை முடிந்ததும் பவனியை நடத்தும் தம்பியிடம் கேட்டேன்.

“யக்கா, ஒங்க கல்லிச் சந்துக்குள்ள குடை நுழையாதுல்லா.”

“குடைய ரோட்டுல நிறுத்திட்டு ராசா மட்டும் வரட்டுமே தம்பி.”

சிரித்துவிட்டுப் போனான். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கழுதை நுழையும் சந்துதானே இது!

சாயந்திரம் வாசலைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்றினேன். இவரைத் தலையணையில் சாய்த்து வாசலைப் பார்க்க உட்கார வைத்தேன். மணிச்சத்தமும் பாட்டும் சந்து முனை வரை வந்தன. பிறகு அப்படியே தாராவி மெயின் ரோட்டோடு போய்விட்டன.

“வந்தாரா பிள்ள?”

“வந்துட்டுப் போயிட்டாரு. நீங்க கண்ண மூடியிருந்திய.”

“நான் மூடவே இல்லையே.”

கதவைச் சாத்தப் போனேன். அவர், “சரி, திரும்பி வருவார்லா. கதவ மட்டும் அடைச்சிராத” என்றார்.

இப்போது தூங்குகிறார். நான் இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை.