பொத்தான் மறையும் ஆழம்

அக்கா,

இன்று காலை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், என் மர ஸ்கேல் கிடைத்தது. அதன் நுனியில் ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தானை வைத்து ஆணி அடித்திருக்கிறீர்கள். மரமெல்லாம் பச்சை காய்ந்து ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். வெட்டிய புல்லும் குளத்துச் சேறும் கலந்த, உங்கள் பாசித் தொட்டியின் அதே வாடை. இரண்டு வருஷமாக, "என் ஸ்கேல் எங்கே?" என்று உங்களிடம் கேட்டிருக்கிறேன். "கிடைக்கும், கிடைக்கும்" என்பீர்கள்.

அணுசக்தி நகர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று செம்பூருக்கு, எங்கள் எதிர்வீட்டுக்கு வந்தீர்கள். வந்த மாதமே நம் இரண்டு வீட்டிலும் பாத்திரம் கழுவிய, துணி அலசிய தண்ணீரை வடிகட்டி மாடிக்குத் தூக்கத் தொடங்கினீர்கள். எட்டு வாளி கொள்ளும் அகலமான தொட்டி, மேலே கொசுவலை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. அது அழுக்கைத் தின்று பெருகும், அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீர் செடிகளுக்கு. ஒரு பையன் முணுமுணுத்தால் காதில் விழாது, வகுப்பே முணுமுணுத்தால் இரைச்சல், பாசியின் நிறமும் அப்படித்தானே என்று நான் கேட்டபோது சிரித்தீர்கள். "ஏ டீச்சர், உனக்கு எல்லாமே வகுப்புதானா?"

நீங்கள் கண்மூடியபின் தொட்டி என் பொறுப்பு. உங்கள் நோட்டைத் திறந்தால், தேதி, பக்கத்தில் ஒரு எண். ஒன்பது, ஏழு, ஐந்து. கடைசிப் பக்கத்தில் எல்லாமே நான்கு. வேறு ஒரு சொல் இல்லை. புனேயிலிருக்கும் உங்கள் மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தமிழ்ல எழுதியிருந்தா எனக்குப் படிக்க வராது ஆன்ட்டி."

"எல்லாம் நம்பர்தாம்பா."

"அப்ப உங்களுக்கே தெரியணுமே, நீங்க டீச்சர்!"

நான்கு வாளி என்று நானாக முடிவு செய்தேன். முழங்கால் வலியோடு தினமும் பழைய தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டு, நான்கு வாளி புதிதாக ஊற்றினேன். பத்தே நாளில் பச்சை வெளுத்து, தொட்டி நாறத் தொடங்கியது. நம் கட்டட செக்ரட்டரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "மழைக்கு முன்னாடி மாடிப் பாசியைச் சுரண்ட ஆள் வெச்சிருக்கோம். நீங்க தொட்டி கட்டி வளர்க்கறேளே, டீச்சர்! மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். நாத்தம் போகலேன்னா தொட்டி கீழே போயிடும்."

இன்று அந்த ஸ்கேலைத் தொட்டியில் இறக்கினேன். பொத்தான் கீழே போய்க்கொண்டே இருந்தது. இருபத்திரண்டில்தான் கண்ணிலிருந்து மறைந்தது. நீங்கள் எழுதிய 'நான்கு' வாளிக் கணக்கே இல்லை. பச்சை அடர்ந்தால் பொத்தான் நாலு சென்டிமீட்டரிலேயே மறைந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். நான் ஊற்றி ஊற்றி, பெருக நேரம் கொடுக்காமல் உங்கள் பாசியைக் கழுவி வெளியேற்றியிருக்கிறேன்.

உங்கள் மேல்தான் கோபம் வருகிறது, அக்கா. எத்தனை தடவை சொன்னேன், விளக்கமாக எழுதிவையுங்கள் என்று. "எனக்குத் தெரியுதுல்லா, பொறவு யாருக்கு எழுதணும்?" என்றீர்கள். அலகு எழுதாத விடைக்கு முப்பது வருஷம் அரை மதிப்பெண் குறைத்தவள் நான். நானும் அந்த நோட்டைப் பார்த்து, எந்த அலகு என்று ஒரு நாளாவது உங்களைக் கேட்கவில்லை.

இன்று வாளியைத் தொடவில்லை. கலக்கிவிட்டு வலையை மூடினேன். மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள். கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கிறது. அது மறுபடி பெருகப் போதுமா, தெரியவில்லை.

உங்கள் நோட்டில், உங்கள் கடைசி நான்குக்குக் கீழே, இருபத்திரண்டு சென்டிமீட்டர் என்று முழுதாக எழுதினேன். 'பொத்தான் மறையும் ஆழம். எண் குறைந்தால் நல்லது' என்று அடியில் ஒரு வரி. ஸ்கேல் இனி என்னிடம்தான் இருக்கும்.

யாருக்கு எழுதணும் என்று கேட்டீர்களே. எனக்கு எழுதியிருக்கலாம், அக்கா.