அண்ணி நின்ற இடம்

அன்பு மாறாத அண்ணிக்கு,

நீங்கள் போன பிறகும் உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. நம் பாட்டுக் குழு இரண்டாகப் பிளந்து நிற்கிறது, அதுவும் உங்கள் மேல் வைத்த பிரியத்தால். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

நெரவியிலிருந்து காரைக்காலுக்கு நாம் வேலைக்குப் போகும் பேருந்து, கூட்ஸ் வண்டிக்காக ரயில்வே கேட்டில் நின்றுவிடும். ஒரு நாள் புழுக்கம் தாங்காமல் நீங்கள் நடவுப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தீர்கள். நெரவிக்கு முந்தின ஊரான பட்டினத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜொஹரா பின் சீட்டிலிருந்து கூடவே பாடினாள். "டிக்கெட்ட வாங்கிட்டுப் பாடுங்கம்மா" என்றார் கண்டக்டர். நம் குழு பிறந்தது அப்படித்தான்.

அப்புறம் ஞாயிறுதோறும் சமுதாயக் கூடத்தில் கூடினோம். கருக்களாச்சேரி முருகையன் வாசலிலேயே நின்று, "ஆம்பளைங்கள சேத்துக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். அந்தக் கனத்த குரலைக் கேட்டதும் நீங்கள் அவரை உள்ளே இழுத்துப் போட்டீர்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் நீங்கள். நீங்கள் தொடையில் தட்டும் தாளத்தை வைத்துத்தான் இரண்டு பக்கமும் மூச்சு விட்டது.

நீங்கள் இறந்த பிறகு நடந்த முதல் ஒத்திகையில் உங்கள் இடத்தில் யாரும் நிற்கவில்லை. அழுகையோடு பாடினோம், சரிதான். ஆனால் அதுவே சடங்காகிவிட்டது. இன்று புதிதாகச் சேர வருகிறவர்களிடம் பாட்டைச் சொல்லித் தருவதற்கு முன்னால், "அங்க மட்டும் நிக்காதீங்க" என்று சொல்லித் தருகிறார்கள்.

போன வாரம் கடற்கரை விழாவில் பாடினோம். நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்த அறிவிப்பாளர், "இன்னும் யாராச்சும் வரணுங்களா?" என்று கேட்டுக் காத்திருந்தார். அந்த இடைவெளியில் ஒரு பக்கம் பாடுவது மறுபக்கத்துக்குச் சரியாகக் கேட்காமல், பெண்கள் ஒரு வரி முன்னாலேயே முடித்துவிட்டோம். சனம் கை தட்டியது. ஆண்கள் முடித்ததும் மறுபடியும் தட்டியது. எனக்கு மானம் போயிற்று அண்ணி. இதில் சலித்துப்போய்ப் புதியவர்கள் சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். இப்படியே போனால் குழுவே இருக்காது.

"நெருங்கி நிப்போம்" என்றேன். ஏதோ கூடாததைச் சொன்னதுபோல் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மௌத்தானவங்க எடம்ங்க அது. போய் நிக்க மனசு வருமா?" என்றாள் ஜொஹரா.

"ஒங்க அண்ணன் கடைசி வரிசையில உக்காந்து அந்த எடத்தையே பாத்துக்கிட்டிருக்காரு. அவரு மொகத்துக்காவவாச்சும் விடுங்க" என்றார் முருகையன்.

நேரே அண்ணனிடம் போனேன். "எனக்கும் பாட்டு ரெண்டாத்தான் கேக்குது" என்றார். "பின்ன ஏன் சொல்லல?" என்றேன். "எல்லாரும் ஆசையா விட்டு வச்சிருக்கீங்க. அவ புருசன் நான், வேணாம்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

கேட்டீர்களா? அவருக்காக இவர்கள், இவர்களுக்காக அவர். நடுவில் பாட்டு செத்துக்கொண்டிருக்கிறது. இத்தனை பேருக்குப் பாடச் சொல்லித் தந்தீர்களே, நீங்கள் இல்லாமல் எப்படிப் பாடுவது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

பேசிப் பயனில்லை. வருகிற ஞாயிறு நானே அங்கே நிற்கப் போகிறேன். ஜொஹரா ஒரு மாதம் என்னோடு பேச மாட்டாள், பேசாமல் இருக்கட்டும். இத்தனை நாள் நானும்தான் வாயால் மட்டும் நியாயம் பேசிவிட்டு ஓரமாகவே நின்றேன். அங்கே போய் நின்றுவிட்டால் நீங்கள் வர மாட்டீர்கள் என்பது உறுதியாகிவிடும், அதனால்தான்.

நிற்பேன் அண்ணி. சத்தியம்.

உங்களோடு ஒரு நாளும் ஒத்துப்போகாத,
உங்களை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத நாத்தனார்,
வசந்தா