தம்பிக்குப் பாதி

ஞாயிறு மாலை

என் அன்பு டீச்சரம்மாவுக்கு,

நாங்கள் இங்கே நன்றாக இருக்கிறோம். நீங்கள் இருவரும் அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் போனில் "இருக்கோம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. வார்டுக்குள் போன் பேசக் கூடாது, வராந்தாவுக்கு வந்தால் பிள்ளை உன்னைத் தேடி அழுகிறான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு உன் தம்பி துணிமணி கொண்டுவரும்போது இதையும் தருவான். படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே. நான் ஒற்று விட்ட இடங்களில் நீயே போட்டுக்கொள்.

நம் பெரியவருக்குச் சளி குறைந்ததா? வார்டு நர்ஸ்கூட இப்போது அவனைப் 'பெரியவர்' என்றுதான் கூப்பிடுகிறாள் என்று உன் தம்பி சொன்னான். ஓடி விளையாடும்போது பாதியில் மூச்சு வாங்க, உதடு நீலம் பூக்க, அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து பஞ்சாயத்துக்கு வந்தவன் மாதிரி எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பானே, அதைப் பார்த்து அவனுடைய அக்கா வைத்த பெயர். நான்கு வயதில் எவனுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை!

நெஞ்சில் சளி இருக்கும்வரை ஆபரேஷன் செய்ய முடியாது என்று பெரிய டாக்டர் சொன்னதை நீ அழுதுகொண்டே சொன்னாய். தள்ளிப்போனதும் நல்லதுக்குத்தான் என்று நான் சட்டென்று பதில் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு லிஃப்ட் மிஷின் ரூமிலேயே ஒரு பெட்டிமேல் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கீழே ஆறாவது மாடியில் லிஃப்டுக்காகக் காத்திருந்த ஒருவர் மேலே ஏறி வந்து, "என்னப்பா, தூங்கிட்டியா?" என்று கேட்டபோதுதான் நினைவு வந்தது.

வீட்டில் என் அக்கா வந்து சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டாள். உன் டப்பாக்களெல்லாம் இடம் மாறியிருக்கின்றன. வந்து சண்டை போடாதே. பாவம், முழங்கால் வலியோடு நமக்காக வந்திருக்கிறாள். மகளுக்குச் சடை பின்னும் வேலை மட்டும் என்னுடையது. பன்னிரண்டு மாடிக்கு இரும்புக் கயிறு போடுகிறவனுக்கு ஏழு வயதுப் பெண்ணின் தலைமுடி அடங்க மாட்டேன் என்கிறது. ஒரு சடை காதுக்கு மேலே, ஒரு சடை காதுக்குக் கீழே. முன்பென்றால் நம் வக்கீலம்மா அதற்கு ஒரு வழக்கே நடத்தியிருப்பாள். இப்போது கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பேசாமல் பையை எடுத்துக்கொள்கிறாள்.

அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் கிளம்பிப் போன பிறகு அவள் ஒரு மாதிரியாக இருக்கிறாள். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். இரண்டிரண்டு படியாகத் தாவுகிறவள் இவள்! சாயங்காலம் கேட் பக்கமே போவதில்லை. பெரியவர் அங்கே குத்தவைத்து உட்கார்ந்து கையைத் தூக்கி "ஓடு!" என்று சொல்வதும், இவள் தண்ணீர்த் தொட்டிவரை ஓடித் திரும்புவதும், அவர் பெருமனது பண்ணி "ஜெயிச்சுட்ட" என்று தீர்ப்புச் சொல்வதுமாக இருந்த இடம். அதனால் மனசு வராமல் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பள்ளியில் ஓட்டப்பந்தயம். போன வருடம் முதலில் வந்தவள், இந்த வருடம் ஓட மாட்டாளாம். கால் வலிக்கிறதா என்றால் இல்லை. யாராவது திட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. "நான் சும்மா இருக்கேன்ப்பா" என்கிறாள். வாதாடாத வக்கீலைப் பார்க்க எனக்கு என்னமோ போல் இருக்கிறது.

உன்னை விட்டு இவ்வளவு நாள் இருந்ததில்லை, அந்த ஏக்கமாகத்தான் இருக்கும். நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. பெரியவருக்கு என் முத்தம்.

உன்
லிஃப்ட்காரன்

---

வியாழக்கிழமை

அன்புள்ள டீச்சரம்மா,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது. இதை வாசித்த பிறகு மீதியைப் படி. போனில் சொன்னால் நீ பாதியைக் கேட்டுவிட்டு மீதியை நீயாகக் கற்பனை செய்துகொள்வாய். அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

நேற்று மத்தியானம் ஒரு துணிக்கடை லிஃப்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். கதவுக்கு வெளியே நின்று அவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்துகொண்டிருந்தேன். பேச்சை நிறுத்தினால் உள்ளே இருப்பவர்கள் பயந்துபோவார்கள். அவர்கள் வெளியே வந்து நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பள்ளியிலிருந்து போன். விளையாட்டு வகுப்பில் எல்லோரும் ஓடும்போது நம் பெண் நடுவில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாளாம். எழுந்திரு என்றால் எழுந்திருக்கவில்லையாம். நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருந்தாளாம்.

பையைக் கடையிலேயே போட்டுவிட்டுப் போனேன். வண்டி ஓட்டினேனா, வண்டி என்னை இழுத்துக்கொண்டு போனதா, தெரியாது. ஒரு பிள்ளைக்குத்தானே, ஒரு பிள்ளைக்குத்தானே என்று வழியெல்லாம் யாரிடமோ கேட்டுக்கொண்டே போனேன்.

நேராக நம் அடுத்த தெரு டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். பெரியவர் கைக்குழந்தையாக இருந்தபோது முதன்முதலில் அவன் நெஞ்சில் வேறு சத்தம் கேட்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தானே. அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கத் தொடங்கியதும் உன்னையும் என்னையும் அன்றைக்கு உட்கார வைத்த அதே நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எழுந்து நின்றுகொண்டேன்.

முன்னால் கேட்டார், முதுகில் கேட்டார், ஈசிஜியும் எடுத்துப் பார்த்தார். "குதிரை மாதிரி இருக்கா உங்க பொண்ணு" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை நம் பெண்ணின் காதிலேயே மாட்டிவிட்டு, அவளுடைய நெஞ்சுச் சத்தத்தை அவளையே கேட்கச் சொன்னார்.

வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இவ்ளோ சத்தமா அடிக்குதே டாக்டர், இதுல பாதியை என் தம்பிக்குக் குடுக்க முடியாதா?"

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நீங்கள் கிளம்பிய அன்று மேல்மாடி வீட்டு அம்மா வந்திருந்தாரே, நினைவிருக்கிறதா? "மூத்தவளுக்கு நல்ல நெஞ்சா குடுத்துட்டு, சின்னவனுக்கு இப்படிக் குடுத்துட்டானே ஆண்டவன்" என்று கண் கலங்கினார். நாம் தலையை ஆட்டிவிட்டு மறந்துபோனோம். இவள் மறக்கவில்லை. வீட்டில் எதைக் கொண்டுவந்தாலும் மூத்தவள் என்று முதலில் எடுத்துக்கொள்வது இவள்தானே. பெரிய துண்டு, புது பென்சில், ஜன்னல் சீட்டு. அதே மாதிரி நல்ல இதயத்தையும் முதலில் வந்து தான் எடுத்துக்கொண்டுவிட்டதாக முடிவு கட்டியிருக்கிறாள். அதனால்தான் ஓடுவதில்லை, படி தாவுவதில்லை. தன்னுடையதை வீணாக்காமல் வைத்திருந்தால், ஆபரேஷனின்போது மிச்சத்தை எடுத்துத் தம்பிக்கு வைத்துவிடுவார்களாம்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மா வயித்துல புதுசாத்தான் உண்டாகுது கண்ணு. யாரோடதையும் யாரும் எடுத்துக்க முடியாது" என்றார். நம் வக்கீல் விடுவாளா? "அப்ப ஏன் அவனுக்குச் சரியா உண்டாகலை?" என்றாள். "தெரியலைம்மா. எங்க யாருக்குமே தெரியலை. ஆனா அதைச் சரி பண்ணத் தெரியும்" என்றார். இவ்வளவு படித்தவர் ஏழு வயதுப் பிள்ளையிடம் தெரியவில்லை என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வரும் வழியில் நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். ஒரே கட்டடத்தில் இரண்டு லிஃப்ட் இருக்கிறது, ஒன்று நின்றுபோனால் நன்றாக ஓடுகிறதையும் நிறுத்தி வைப்போமா என்றேன். நல்ல உதாரணம் என்று எனக்கே ஒரு பெருமை. "அது ரெண்டும் அக்கா தம்பி இல்லையேப்பா" என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மா சொன்னதை அவள் காதில் வாங்கிக்கொண்டாள், ஆனால் மனதில் வாங்கவில்லை. இன்று காலையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினாள். எனக்கு ஒன்று தோன்றுகிறது. நாம் சொன்னால் கேட்க மாட்டாள். பெரியவர் சொன்னால் கேட்பாள். நர்ஸிடம் கேட்டு, ஒரு ஐந்து நிமிடம் அவனை வராந்தாவுக்குத் தூக்கி வந்து அவளோடு பேச வையேன். என்ன பேச வேண்டும் என்று அவனுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்காதே. அவர்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.

நீ இதை நினைத்து அழாதே. எப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெற்றிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்.

உன்
லிஃப்ட்காரன்

---

சனிக்கிழமை காலை

என் கண்ணான டீச்சரம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்களை அங்கே விட்டுவிட்டு பஸ் ஏறும்போது கால் பின்னால்தான் போனது. இங்கேயும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்துத்தான் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஓட்டப்பந்தயக் கதையை நான் உனக்கு முழுதாகச் சொல்லவே இல்லை. வராந்தாவிலிருந்து பெரியவர் அன்றைக்குப் போனில் பேசியது உன் காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியாது. இந்தப் பக்கம் நடந்ததைக் கேள். எடுத்த எடுப்பில் "அக்கா, ஓட்டத்துல யாரு ஜெயிச்சா?" என்றான். பந்தயம் இன்னும் வரவில்லை, தான் ஓடப்போவதும் இல்லை என்றாள் இவள். "ஏன்?" என்றான். "உனக்காகத்தான்டா" என்றாள். தொண்டை கிழியக் கத்தினான்: "எனக்காகன்னா ஓடணும்ல!" உடனே இருமல் வந்து நீ போனை வாங்கிக்கொண்டாய். இவள் போனை என் கையில் வைத்தாள். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கிப் போனாள். தடதடவென்று தொட்டிவரை ஓடுகிற சத்தம் மேலே கேட்டது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஜன்னலில் நின்றுகொண்டாள். நானும் நின்றேன். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். வந்த வேகத்தில் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்து, "பாருப்பா, எப்படி அடிக்குது!" என்றாள். எனக்கு அது முதல் பரிசு.

ஆபரேஷன் அன்று நீயும் நானும் அந்த நீல பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீ கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாய். நான் எதிரே இருந்த லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தப்பாக எடுத்துக்கொண்டிருப்பாயோ என்று பிறகு தோன்றியது. அந்தக் கதவு ஒவ்வொரு முறையும் உரசிக்கொண்டு மூடியது. உருளை தேய்ந்திருக்கிறது, மாற்ற ஐந்து நிமிட வேலை. பிள்ளைக்காக என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமே இல்லை, இதையாவது சரி செய்ய விடுங்கள் என்று யாரிடமாவது போய்க் கெஞ்சலாம் போல் இருந்தது. பெரிய டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கிச் சிரித்தபோது நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய்.

வீட்டுக்கு வந்ததும் வக்கீலம்மாவின் முதல் கேள்வி, "தம்பி உதடு என்ன கலர்?" ரோஸ் என்றேன். அத்தை புடவை மாதிரி ரோஸா, தன்னுடைய ரப்பர் மாதிரி ரோஸா என்று குறுக்கு விசாரணை. வார்டில் நான் பார்த்ததை நன்றாக யோசித்து, ரப்பர் என்றேன். அப்போதிலிருந்து அந்த ரப்பரைப் பென்சில் டப்பாவில் வைக்க மாட்டேன் என்கிறாள். சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறாள். அழிப்பதற்கு என்னிடம் வேறு ரப்பர் கேட்கிறாள்.

பல வருடம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னதை நீ இப்போதே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. வரும்போது பார்த்துக்கொள்வோம். அவன் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நீ விழித்திருப்பது எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் செய்வேன். இருந்தாலும் அவன் தூங்கும்போது நீயும் கொஞ்சம் கண்ணை மூடு. மாடி வீட்டு அம்மா தினமும் வந்து விசாரிக்கிறார். அவரிடம் எதையும் சொல்லிக்காட்டவில்லை. அன்பாகத்தானே சொன்னார்.

இன்னும் ஒன்று. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது நர்ஸ் அவன் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். அது என் பையோடு இங்கே வந்துவிட்டது. அக்கா நேற்று அழுக்குத் துணியோடு அதையும் ஊற வைக்கப் போனாள். இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவனுக்கு அதைக் கழற்றிய நேரத்தை நினைத்தால் இன்னமும் எனக்கு என்னமோ செய்கிறது. சட்டையில் பிள்ளையின் வாசனை அப்படியே இருக்கிறது.

டாக்டர் சரி என்று சொல்லுகிற அன்றைக்கே இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். பஸ் ஸ்டாண்டில் நாங்கள் நிற்கிறோம். நல்லபடியாக, நோய் நொடி இல்லாமல், நீங்கள் வந்து சேர வேண்டும். அவன் வந்த பிறகு அந்தச் சட்டையைத் துவைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
உன்
லிஃப்ட்காரன்