பாலத்துக்குக் கீழே கடல்

அப்பா,

இன்று கடையில் போத்தலுக்கு மண்ணெண்ணெய் வார்க்கும்போது என் கையிலும் சிந்திவிட்டது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சிறுவயதில் பார்த்த சண்டைப் படங்களுக்கெல்லாம் இந்த மணம்தான் என்பீர்கள். நெடுந்தீவுக்குப் பெற்றோல் வராத காலம். வாடகை ரீவியும் வீடியோ டெக்கும் மண்ணெண்ணெய் ஜெனரேற்றரில் ஓடும். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு போத்தல் கொண்டுவர வேண்டும். ஒருநாள், கதாநாயகனின் தோழனை வில்லனின் ஆட்கள் பாலத்தில் மடக்கிய இடத்தில் எண்ணெய் தீர்ந்து படம் நின்றுவிட்டது. நீங்களும் கூட்டாளிமாரும் சேர்ந்து முடிவு கட்டினீர்கள்: அவன் கடலில் குதித்து நீந்தித் தப்பிவிடுவான். பாலமென்றால் கீழே கடல்தானே.

போன வருடம் கிழமைக்கு இரண்டு நாள் படகேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். மற்ற நாட்களில் உங்களுக்கு எழும்பவே ஏலாது. என் போனில் அந்தப் பழைய படங்களைப் பார்த்தோம். சண்டையில் கதாநாயகன் போட்டிருந்த கிழிந்த சேட் அடுத்த காட்சியில் முழுதாக இருக்கும். ஒரே கார் மூன்று தரம் மலையிலிருந்து விழும். பெண்களுக்குக் கட்டுண்டு கிடப்பதைத் தவிர வேலையில்லை. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, "பிள்ளை, உன்னோடை படம் பாக்கிறது சோதனை எழுதுற மாதிரி" என்று சிரிப்பீர்கள். ஆனாலும் மட்டைச் சுவரென்று தெரிந்தே அதை உடைக்க அந்த நடிகர் உண்மையாக மூச்சிரைப்பதைப் பார்த்து, நான் கையிலிருந்த புத்தகத்தை மூடிவைத்ததும் உண்டு.

அந்தப் பாலத்துப் படத்தையும் தேடி எடுத்தேன். உங்களுக்குப் போடுமுன் கடைசிப் பத்து நிமிடத்தைத் தனியே பார்த்தேன். பாலத்துக்குக் கீழே கடல் இல்லை, காய்ந்த ஆறு. அவன் அதில்தான் விழுந்து செத்தான்.

அன்று பின்னேரம், எண்ணெய் தீர்ந்த அதே இடம் வந்ததும் நிறுத்தினேன்.

"சிக்னல் இல்லையப்பா."

"பரவாயில்லை. எனக்குத்தான் முடிவு தெரியுமே."

கண்ணை மூடிக்கொண்டீர்கள். மறுகிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் உங்களோடு திரும்பவில்லை.

எல்லாப் பிழையையும் சொன்னவள் அந்த ஒன்றை ஏன் சொல்லவில்லை? இத்தனை வருடம் காத்திருந்தவருக்கு முடிவைக் காட்டாமல் விட்டது அன்பா, களவா? யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன்.

நேற்று, உங்கள் படமொன்றையும் இருந்து பார்க்காத அம்மா, மீன் வெட்டிக்கொண்டே கேட்டார்:

"அப்பான்ரை படத்திலை பாலத்திலை நிண்டவன் என்ன ஆனவன்?"

"தப்பீட்டான் அம்மா. கீழை கடல்."

"நீந்தத் தெரிஞ்சவன் போலை" என்றார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

அந்தக் காய்ந்த ஆற்றை இனி நான் மட்டும்தான் வைத்திருக்க வேண்டும், அப்பா.