ஏரி பார்த்த அறையிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரீட் எழுதுகிறேன். இருமல் குறைந்ததா? தீவில் காற்று அடங்கியதா? நான் நன்றாக இருக்கிறேன். புதுப்பித்துத் திறந்திருக்கும் இந்தப் பழைய மாளிகையில், தங்க வருகிறவர்களின் அறைகளைக் கவனிப்பதுதான் என் வேலை.

நேற்று ஹனோரா என்ற எண்பது வயது அம்மாள் தங்க வந்தார். காரை விட்டு இறங்கியதும் கொல்லைப்புறமாக நடந்தார். ஓடிப்போய், "வாசல் இந்தப் பக்கம்மா" என்றேன்.

"தெரியும்டி. பதினாலு வயசுல இங்க பாத்திரம் தேச்சவ நான். அப்ப முன்படியில கால் வெச்சா வேலை போயிடும்."

"இப்ப நீங்க பின்பக்கமா போனா என் வேலை போயிடும்" என்றேன். சிரித்துவிட்டு, உங்களைப் பற்றியெல்லாம் விசாரித்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு முன்படியில் ஏறினார்.

இன்று காலை அவருடைய அறைக்குப் போனேன். படுக்கையை அவரே சரிசெய்து, கணப்புச் சாம்பலையும் அள்ளியிருந்தார்.

"ஐயோ, இது என் வேலையாச்சே!"

"அதான் முடிஞ்சு போச்சே. உக்காரு, டீ குடி. அப்பாவுக்கு எப்ப எழுதின?"

"ஆறு வாரமாச்சு" என்றேன். அவர் மேசையில் இருந்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அதில்தான் எழுதுகிறேன்.

என் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். நாய் என்னைத் தேடுகிறதா என்றும் எழுதுங்கள்.

மாடிப்படியில் மேலாளர் என்னைக் கூப்பிடும் சத்தம் கேட்கிறது. முடிக்கிறேன் அப்பா. ஹனோரா அம்மாளோ, "கதவைத் தாழ் போட்டுட்டேன். நீ எழுதுடி" என்கிறார்.

உங்கள்,
பிரீட்