மதியம் இருபது நிமிடம்

என் தூங்காத அம்மாவுக்கு,

தாம்பரம் வீட்டில் எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால் நானும் கதிரும்தான். தம்பிக்கு முப்பது முடிந்துவிட்டது. இப்போதும் பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைதான். ஃபேனை நிறுத்தினால் கத்துகிறான், ரசம் இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்கிறான். நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகியும் வாசல் கேட் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறான். நானும்தான்.

உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். கோபமா அழுகையா, எனக்கே தெரியவில்லை.

ஆட்டிசம் உள்ளவர்களின் தூக்கத்தைப் பற்றித்தானே என் ஆராய்ச்சி. "ஊர்ல இருக்கறவங்க தூக்கத்தை எல்லாம் அளக்கறா" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பீற்றிக்கொள்வாய். நான் காட்டாங்குளத்தூர் ஹாஸ்டலில் இருந்தபோது, கையசைவை வைத்துத் தூக்கத்தைக் கணக்கிடும் வாட்ச் ஒன்றைக் கதிருக்காகக் கொண்டுவந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "ஒரு வாரம் கழட்டவே கூடாதும்மா" என்று உன்னிடம் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன். வாரம் முடிந்ததும் அதை ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து தந்தாய்.

பதிவைப் பார்த்துப் பதறிப்போனேன். ராத்திரி துண்டு துண்டாகத் தூக்கம், விடியுமுன் விழிப்பு. மதியம் மட்டும் இருபது நிமிடம் அசைவே இல்லை. உடனே போன் போட்டேன்.

"அவனை மதியம் தூங்க விடாதேம்மா. அதான் ராத்திரி கெடுது."

"மதியமா?" என்று கேட்டாய். பிறகு, "சரிடி, பாத்துக்கறேன்" என்றாய்.

அடுத்த வாரமும் வாட்சைக் கொடுத்துப் பார்த்தேன். அந்த இருபது நிமிடம் காணோம். எனக்கு ஒரே பெருமை. "பாத்தியா, நான் சொன்னா சரியா இருக்கும்!" என்றேன். நீ சிரித்தாய்.

போன செவ்வாய்க்கிழமை அதே வாட்சைக் கதிர் கையில் கட்டப் போனேன். வீல் என்று கத்திப் பிடுங்கினான். தூக்கி எறிவான் என்று பார்த்தால், என் கையை இழுத்து என் மணிக்கட்டில் கட்டிவிட்டு, "அம்மாது" என்றான்.

அடப்பாவி அம்மா! அவன் கட்டிக்க மாட்டேங்கறான், நான்தான் கட்டிக்கிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் படிப்பு கெட்டுவிடும் என்று பயந்தாயா? நாள் முழுக்க அவன் பின்னால் ஓடிவிட்டு நீ கண்ணசந்த அந்த இருபது நிமிடத்தையும் பிடுங்கிக்கொண்டது நான்தானே. ஊரார் தூக்கத்தை அளந்தவள், "நீ எப்பம்மா தூங்கற?" என்று ஒரு நாளாவது கேட்டேனா?

உன் முதல் வாரப் பதிவை அழிக்க மனமில்லை. அந்த இருபது நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நீ பக்கத்தில் படுத்திருப்பது போல இருக்கிறது.

இனி என்னிடம் வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு வாட்ச். பிள்ளைக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. நேற்று கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஒரு அம்மா, "எனக்கு எதுக்கு மேடம்?" என்று கூச்சப்பட்டார். அவர் கையை இழுத்துக் கட்டிவிட்டேன்.

கதிரை நான் பார்த்துக்கொள்கிறேன், சத்தியம். நீ தூங்கும்மா. இனிமேல் போன் போட்டு எழுப்ப மாட்டேன்.

உன் தூக்கத்தைப் பறித்த மகள்,
கதிரின் அக்கா